பனியை அளந்தவர்கள்

ஒரு கோலும் ஒரு நோட்டுப் புத்தகமும் ஊரைக் காக்கும்!

1799-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 13-ந் தேதி.

அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பெரிய பண்ணை வீடு. அங்கே 67 வயதுக் கிழவர் ஒருவர் தொண்டை வலியோடு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் அவர் குதிரையில் ஏறிப் பண்ணையைச் சுற்றிப் பார்க்கப் போனார். பல மணி நேரம் சுற்றினார். பனியும், ஆலங்கட்டியும், மழையும் மாறி மாறிப் பெய்தன. நனைந்த தலையோடு வீடு திரும்பினார். குளிர் பிடித்துக்கொண்டது.

உடம்பு சரியில்லை. ஆனாலும் அவர் நாட்குறிப்பை எடுத்தார். மையைத் தொட்டு எழுதினார்.

என்ன எழுதினார்? காலையில் பனி பெய்தது என்று எழுதினார். சுமார் 3 அங்குலம் கிடக்கிறது என்று எழுதினார். இரவில் வெப்பமானி காட்டிய அளவையும் குறித்தார்.

மறுநாள் இரவு அவர் உயிர் பிரிந்தது.

அந்தக் கிழவர் யார்? ஜார்ஜ் வாஷிங்டன்! பிரிட்டனோடு போர் நடத்தி அமெரிக்காவுக்கு விடுதலை வாங்கிக் கொடுத்த தளபதி. அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி.

அப்பேர்ப்பட்டவர் தமது நாட்குறிப்பில் கடைசியாக எழுதி வைத்தது போரைப் பற்றி அல்ல; பதவியைப் பற்றி அல்ல. வாசலில் கிடந்த பனியைப் பற்றி!

இது என்ன பைத்தியம் என்று கேட்கத் தோன்றும். பைத்தியம்தான். ஆனால், ஊருக்கு உதவுகிற பைத்தியம். அந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் அமெரிக்காவில் வாஷிங்டன் காலத்திலும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். சிரிப்பது நியாயமா?

எந்தப் பனி?

தமிழ்நாட்டில் மார்கழி மாதம் பனி பெய்யும். விடிந்தால் புல் நுனியில் முத்துப் போல நீர்த்துளி நிற்கும். வெயில் ஏறினால் மறைந்துவிடும்.

இது அந்தப் பனி அல்ல. வானத்திலேயே உறைந்து, அடித்த பஞ்சு போல விழுகிற வெண்பனி. விழுந்தது கரையாது, குவியும். கணுக்கால் அளவு குவியும். முழங்கால் அளவு குவியும். சில சமயம் ஆள் உயரம் குவியும். அதோடு பெருங்காற்றும் சேர்ந்துகொண்டால் அதுவே பனிப்புயல். எதிரில் நீட்டிய சொந்தக் கை தெரியாது. வீட்டு வாசலில் வந்து வழி தப்பி விழுந்து செத்தவர்கள் உண்டு.

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இந்தப் பயம் உண்டு. நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் முதலிய பெரிய நகரங்கள் அந்தக் கரையில்தான் இருக்கின்றன.

புதுமாப்பிள்ளையும் பனியும்

1772-ம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில் வர்ஜீனியாவில் ஒரு பெரும் பனி கொட்டியது.

அந்த மாதம் முதல் தேதிதான் தாமஸ் ஜெபர்சன் என்ற இளைஞருக்குக் கல்யாணம் நடந்தது. அவர் புது மனைவி மார்த்தாவை அழைத்துக்கொண்டு தம் ஊருக்குப் புறப்பட்டார். நடு வழியில் பனி பிடித்துக்கொண்டது. வண்டி நகரவில்லை. வண்டியை விட்டுவிட்டு இருவரும் குதிரை ஏறினார்கள். மலைப் பாதையில், இருட்டில், பனியைக் கிழித்துக்கொண்டு போனார்கள். நடுநிசியில் வீட்டை அடைந்தார்கள். அடுப்பில் நெருப்பு இல்லை. வேலையாட்கள் தூங்கிவிட்டார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இரவைச் சபித்திருப்பார்கள். ஜெபர்சன் என்ன செய்தார்? இதுவரை கண்டதில் இதுவே ஆழமான பனி, சுமார் 3 அடி என்று குறித்து வைத்தார்!

அதே பனியை வாஷிங்டனும் தம் பண்ணையில் இருந்து பார்த்தார். உயரமான குதிரையின் மார்பு வரை பனி நிற்கிறது என்று அவர் எழுதினார்.

ஒருவர் அடிக்கணக்கில் சொன்னார். மற்றவர் குதிரையைக் கோலாக வைத்துச் சொன்னார். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப் போகின்றன. அதனால்தான் 250 ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்தப் பனியின் ஆழம் உலகத்துக்குத் தெரிகிறது. அதற்கு வாஷிங்டன்-ஜெபர்சன் பனிப்புயல் என்றே பெயர். ஜெபர்சன் பிற்காலத்தில் அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி ஆனார்.

அந்த இருவரும் எழுதாமல் விட்டிருந்தால்? "எங்கள் பாட்டனார் காலத்தில் பெரிய பனி பெய்ததாம்" என்ற பேச்சு மட்டும் மிஞ்சியிருக்கும். அதுவும் இரண்டு தலைமுறையில் மறைந்திருக்கும்.

ஞாபகம் ஏமாற்றும்

"அந்தக் காலத்துப் பனி போல இப்போது எங்கே பெய்கிறது?" என்று கேட்காத கிழவர் அமெரிக்காவில் இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை. 7 வயதில் அவர் வாசலுக்கு ஓடினார். பனி இடுப்பு வரை இருந்தது. இன்று அதே அளவு பனி பெய்தாலும் முழங்காலைத்தான் தொடுகிறது. குறைந்தது பனி அல்ல; வளர்ந்தது பையன்!

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது தமிழ்ப் பழமொழி. பனி விஷயத்தில் தீர விசாரிப்பது என்றால் பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவதுதான்.

நியூயார்க் நகரத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே பனிப்புயல் என்றதும் எல்லோரும் சொல்லுவது 1888-ம் ஆண்டு மார்ச் மாதப் புயலை. நான்கு நாள் அது ஆடிய ஆட்டத்தில் கிழக்குக் கரையில் 400 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களில் சுமார் 200 பேர் நியூயார்க் நகரத்தார். உயரப் பாலத்தின் மேல் ஓடிய ரெயில்கள் வழியிலேயே நின்றன. தந்திக் கம்பிகள் அறுந்து தொங்கின. மாடி ஜன்னல் வரை பனி ஏறிய வீடுகள் உண்டு.

அந்த நகரத்தின் நடுவே உள்ள சென்ட்ரல் பூங்காவில் அப்போது அளந்த பனி எவ்வளவு? 21 அங்குலம்.

1947-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மறுநாள் அதே பூங்காவில் 26.4 அங்குலம் விழுந்தது. 2006-ம் ஆண்டு பிப்ரவரியில் 26.9 அங்குலம். 2016-ம் ஆண்டு ஜனவரியில் 27.5 அங்குலம்!

ஆகவே, கணக்குப்படி 1888 முதல் இடத்தில் இல்லை. அப்படியானால் அந்தக் காலத்து மனிதர்கள் பட்டதெல்லாம் கட்டுக்கதையா? அதுவும் இல்லை. 1888-ல் அடித்தது பேய்க்காற்று. பனியைத் தெருவில் பரப்பாமல் சுவர்களின்மேல் மலையாகக் குவித்தது. குளிர் எலும்பைத் துளைத்தது. 1947-ல் காற்று அவ்வளவு இல்லை. பனி மெத்தென்று விழுந்தது.

கோல் பனியின் ஆழத்தைச் சொல்லும். பட்டவன் வாய் அதன் கொடுமையைச் சொல்லும். இரண்டும் வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைத் தள்ளுகிறவன் பாதி உண்மையோடு நின்றுவிடுகிறான்.

பையன்கள் பள்ளிக்கூடம் போன நாள்

அதே 1888-ம் ஆண்டு ஜனவரி 12-ந் தேதி மத்திய அமெரிக்கச் சமவெளியில் வேறொரு புயல் அடித்தது. அதன் பெயரைக் கேட்டாலே நெஞ்சு பதறும். "பிள்ளைகள் புயல்" என்பது அதன் பெயர்.

அன்று காலை வெயில் இதமாக இருந்தது. பல நாள் கடுங்குளிருக்குப் பிறகு வந்த நல்ல பொழுது. கனத்த உடுப்பு இல்லாமலே பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். பகலில், ஒரு நொடியில் வானம் மாறியது. வெள்ளைச் சுவர் ஒன்று ஓடி வருவது போலப் புயல் வந்தது. வீடு திரும்பும் வழியில் பிள்ளைகள் அகப்பட்டுக்கொண்டார்கள். அன்று மாண்டவர்கள் சுமார் 235 பேர் என்பது கணக்கு.

நெப்ராஸ்கா மாநிலத்தில் மின்னி பிரீமன் என்ற இளம் உபாத்தியாயினி இருந்தாள். புயலில் பள்ளிக்கூடத்தின் கூரை பிய்ந்தது. அவள் பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்து அழைத்துக்கொண்டு பக்கத்துப் பண்ணை வீட்டுக்குக் கொண்டு போய்ச் சேர்த்தாள். அவள் கூட்டிப்போன பிள்ளைகளில் ஒருவர்கூடச் சாகவில்லை.

அவள் பிள்ளைகளைக் கயிற்றால் பிணைத்து இழுத்துப் போனாள் என்று நாடெங்கும் கதை பரவியது. கயிறே இல்லை என்று சொன்னவர்களும் உண்டு. உயிர் பிழைத்தது நிச்சயம். கயிறு இருந்ததா என்பது நிச்சயம் இல்லை! ஞாபகத்தின் குணம் இதுதான்.

அந்தப் புயலில் தப்பியவர்கள் 50 ஆண்டுகளுக்குப் பிறகு, தலை நரைத்த காலத்தில், ஒரு சங்கமாகக் கூடினார்கள். அவரவர் கண்டதை எழுதச் சொல்லிச் சேர்த்தார்கள். 1947-ல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்கள். எந்த வீட்டில் யார் போனார்கள், எந்த வைக்கோல் போரில் யார் ஒதுங்கினார்கள் என்பதெல்லாம் அதில் பதிவாகிவிட்டது. இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சொல்ல இன்று யார் இருப்பார்கள்?

அளப்பதும் ஒரு வித்தை

பனியை அளப்பது சுலபம் என்று தோன்றும். கோலை நட்டால் போகிறது! அப்படி இல்லை.

முதலில் இடம் பார்க்க வேண்டும். சுவர் ஓரம் கூடாது. அங்கே காற்று பனியைக் குவிக்கும். மேட்டு வெளியும் கூடாது. அங்கே காற்று வாரிக்கொண்டு போகும். காற்றுத் தங்காத திறந்த இடம் வேண்டும். அங்கே வெள்ளை வர்ணம் அடித்த சதுரப் பலகை ஒன்றைப் போட வேண்டும். வெள்ளை எதற்கு? கறுப்பு, வெயிலை உண்டு சூடேறிப் பனியைக் கரைத்துவிடும்.

பனி விழுந்த பின் கோலை நட்டுப் பார்க்க வேண்டும். அங்குலத்தைப் பத்தாகப் பிரித்த கணக்கில் குறிக்க வேண்டும். பிறகு பலகையைத் துடைத்து மறுபடி போட வேண்டும்.

எத்தனை தரம் துடைக்கலாம்? 6 மணி நேரத்துக்கு ஒரு தரத்துக்கு மேல் கூடாது. இது சட்டம். பனி தன் பாரத்தாலேயே அமுங்கும். மணிக்கு ஒரு தரம் துடைத்துத் துடைத்து அளந்தால் அமுங்க நேரம் இராது, கணக்குப் பெருத்துவிடும். 20 அங்குலத்தை 24 ஆக்க ஆசைப்படுகிறவனுக்கு அதுவே குறுக்கு வழி. தன் ஊர் பெயர் பட்டியலில் ஏற வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? அந்த ஆசையை அடக்கிக்கொண்டு கோல் காட்டியதை மட்டும் எழுதுகிறவனே உண்மையான பனி ரசிகன்.

2016-ம் ஆண்டு ஜனவரிப் புயலில் ஒரு வேடிக்கை நடந்தது. வாஷிங்டன் நகரத்து விமான நிலையத்தில் பனியை அளந்தவர்கள் பலகையையே பறிகொடுத்துவிட்டார்கள்! பனி அதை மூடிவிட்டது. எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை. அங்கே சொன்ன கணக்கு 17.8 அங்குலம். அதே பகுதியில் உள்ள டல்லஸ் விமான நிலையத்தில் 29.3 அங்குலம். "இதென்ன கணக்கு?" என்று நகரத்துப் பனி ரசிகர்கள் கேள்வி எழுப்பினார்கள். வானிலை இலாகா நிபுணர்களை வைத்து விசாரித்தது. வாஷிங்டன் கணக்கு அப்படியே நின்றது. ஆனால், அதே விசாரணையில் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் கணக்கு 26.8 அங்குலத்திலிருந்து 27.5 ஆகத் திருத்தப்பட்டது. பழைய சாதனை அப்போதுதான் முறிந்தது.

அங்குலத்தின் சிறு பின்னத்துக்காக இவ்வளவு சண்டையா என்று சிலர் சிரித்தார்கள். தராசில் குன்றிமணி எடை குறைந்தால் பொற்கொல்லரிடம் சண்டை போடுகிறவர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

ஊர் சிரித்த விவசாயி

வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற கிராமம். அங்கே வில்சன் பென்ட்லி என்ற விவசாயி இருந்தார். மாடு கறப்பார், வயலில் உழைப்பார். பனி விழத் தொடங்கினால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவார்.

பூதக்கண்ணாடியையும் காமிராவையும் சேர்த்துக் கட்டி, பனித்துகளைப் படம் பிடிக்க அவர் பாடுபட்டார். மூச்சுக் காற்று பட்டால் துகள் உருகிவிடும். கொட்டகையில் குளிரில் நின்றுகொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, இறகால் துகளைத் தொட்டு எடுத்து வைப்பார். 1885-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி முதல் படம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 19. பிறகு 5,000-க்கு மேல் படங்கள் எடுத்தார். ஒவ்வொரு துகளும் ஆறு இதழ்க் கோலம் போல இருந்தது. ஒன்று போல மற்றொன்று இல்லை!

மழைத்துளியையும் அவர் விடவில்லை. தட்டில் மாவைப் பரப்பி மழையில் நீட்டுவார். துளி விழுந்த இடத்தில் மாவு உருண்டை ஆகும். அதை அளந்து துளியின் பருமனைக் கண்டுபிடித்தார்.

ஊரார் சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? 1931-ம் ஆண்டு அவருடைய படங்கள் புத்தகமாக வந்தன. 2,400-க்கு மேற்பட்ட படங்கள்! புத்தகம் வந்து சில வாரங்களில், பனிப்புயலில் நடந்து வீடு வந்தவர் காய்ச்சலில் விழுந்தார். டிசம்பர் 23-ந் தேதி இறந்தார். சிரித்த ஊர் இன்று அவர் பெயரால் பெருமைப்படுகிறது. அந்த ஊரில் அவர் படங்களுக்கென்றே ஒரு காட்சிசாலை இருக்கிறது.

84 ஆண்டுகள்!

பென்ட்லி தனி ஆள். ஆனால், இந்தப் பைத்தியத்தை ஓர் ஏற்பாடாக மாற்றியவர் ஜோசப் ஹென்றி என்ற விஞ்ஞானி. வாஷிங்டன் நகரில் உள்ள ஸ்மித்சோனியன் நிலையத்தின் தலைவராக இருந்தவர். 1849-ல் அவர் நாடு முழுதும் உள்ள ஆசைக்காரர்களைத் திரட்டத் தொடங்கினார். விவசாயி, வைத்தியர், உபாத்தியாயர் எல்லோரும் சேர்ந்தார்கள். சம்பளம் கிடையாது. அவரவர் ஊர் வானிலையை அளந்து அனுப்ப வேண்டும். 1890-ல் அமெரிக்க சர்க்காரே அந்த ஏற்பாட்டை எடுத்து நடத்தத் தொடங்கியது. இன்றும் ஆயிரக்கணக்கானவர்கள் அதில் இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஹென்ட்ரிக்சன். நியூயார்க் அருகே லாங் ஐலண்ட் என்ற தீவில் பண்ணை வைத்திருந்த விவசாயி. 1930-ல், 18 வயதில், வானிலையை அளந்து எழுதத் தொடங்கினார். அதன் பிறகு நிறுத்தவில்லை. போர் வந்தது, போயிற்று. ஜனாதிபதிகள் மாறினார்கள். அவர் மட்டும் தினந்தோறும் வெப்பமானியைப் பார்த்தார், மழையை அளந்தார், பனியை அளந்தார். 84 ஆண்டுகள்! அவர் எழுதிய குறிப்புகள் 1,50,000-க்கு மேல். 2014-ல், 101 வயதில், வானிலை இலாகா அவரைப் பாராட்டியது. அவர் பெயரிலேயே ஒரு விருதை ஏற்படுத்தியது. 2016-ல் 103 வயதில் மறைந்தார்.

ஒரு நாள் அளவுக்கு என்ன மதிப்பு? ஒன்றும் இல்லை. 84 ஆண்டு அளவுக்கு? விலை மதிப்பே இல்லை. ஒரே இடத்தில், ஒரே கையால், விடாமல் எழுதிய கணக்கு அது. குளிர்காலம் நிஜமாகவே மாறுகிறதா என்பதைக் கிழவர் பேச்சு சொல்லாது. இந்தக் கணக்கு சொல்லும்.

உலகம் சூடாகி வருகிறது என்பதும் இப்படிச் சேர்த்த கணக்குகளில் இருந்துதான் தெரிந்தது. பெரிய பனிப்புயல் ஒன்று வந்ததும் "சூடாவது எங்கே? பாருங்கள் பனியை!" என்று ஏளனம் செய்வோர் உண்டு. அது தவறு. சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும். உறையும் குளிர் இருக்கும் இடத்தில் அந்த ஈரமே பெரும் பனியாகக் கொட்டலாம். ஒரு புயலை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. நீண்ட கணக்கு வேண்டும்.

சாவில் என்ன சந்தோஷம்?

இவர்கள்மேல் ஒரு பெரிய குற்றச்சாட்டு உண்டு. "பனிப்புயல் வந்தால் ஜனங்கள் சாகிறார்கள். இவர்களோ பனி வராதா என்று ஏங்குகிறார்கள். இரவெல்லாம் விழித்து ஜன்னல் வழியே தெரு விளக்கைப் பார்க்கிறார்கள். இது மனிதத்தன்மையா?" என்பது அந்தக் குற்றச்சாட்டு.

இது தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல.

1922-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி இரவு. வாஷிங்டன் நகரில் 28 அங்குலம் பனி விழுந்திருந்தது. நிக்கர்பாக்கர் என்ற சினிமாக் கொட்டகையில் படம் ஓடிக்கொண்டிருந்தது. தட்டையான கூரை பனியின் பாரம் தாங்காமல் அப்படியே உள்ளே இறங்கியது. 98 பேர் மாண்டார்கள். அந்தப் புயலுக்கு இன்றும் அந்தக் கொட்டகையின் பெயர்தான்.

28 அங்குலத்தை மட்டும் நினைத்து 98 பேரை மறக்கிறவன் ரசிகன் அல்ல, கல் நெஞ்சன். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால், இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஆசைப்படுவதால் பனி வராது. ஆசைப்படாவிட்டால் நிற்கவும் போவதில்லை. வருவது வந்தே தீரும். வந்ததை யாராவது அளந்து வைத்திருந்தால்தான், அந்த ஊரில் கூரை எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று பொறியாளர் கணக்குப் போட முடியும். 98 பேர் உயிருக்குச் செய்யும் மரியாதை கண்ணீர் மட்டும் அல்ல. அடுத்த கூரை விழாமல் பார்த்துக்கொள்வதும்தான்.

நம்பாத ஊரும் நம்பிய ஊரும்

1978-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி, திங்கட்கிழமை. பாஸ்டன் நகரத்தில் பெரும்பனி வரும் என்று வானிலை இலாகா சொல்லியிருந்தது. விடிகாலையில் தொடங்கும் என்று எதிர்பார்த்தார்கள். விடிந்தது. பனியைக் காணோம். "இவர்கள் சொல்வது என்றைக்குப் பலித்தது?" என்று சொல்லிக்கொண்டு ஜனங்கள் வேலைக்குப் போனார்கள்.

சில மணி நேரம் கழித்துப் பனி தொடங்கியது. தொடங்கியது நிற்கவில்லை. 27.1 அங்குலம்! 128-ம் எண் நெடுஞ்சாலையில் 3,000-க்கு மேற்பட்ட கார்களும் சுமார் 500 லாரிகளும் பனியில் புதைந்தன. கார்களுக்குள் உட்கார்ந்திருந்தவர்களில் 14 பேர் எஞ்சின் புகையில் மூச்சு முட்டி மாண்டார்கள். அந்தப் பகுதி முழுதும் மாண்டவர்கள் சுமார் 100 பேர்.

முன்னறிவிப்பு இருந்தது. நம்பிக்கைதான் இல்லை.

15 ஆண்டுகள் சென்றன. 1993-ம் ஆண்டு மார்ச் மாதம். இன்னும் பெரிய புயல் ஒன்று கிளம்பியது. இந்தத் தடவை அதை 5 நாள் முன்னதாகவே கண்டு சொன்னார்கள். பனி விழும் முன்பே பல மாநிலங்கள் நெருக்கடி நிலையை அறிவித்தன. அப்படியும் சுமார் 270 பேர் இறந்தார்கள். தென்கோடியில் புளோரிடா முதல் வடகோடி வரை அடித்த புயல் அது. சொல்லாமல் வந்திருந்தால் கதி என்ன ஆகியிருக்கும்?

இடையில் என்ன நடந்தது? கணக்கு யந்திரங்கள் வளர்ந்தன. விண்கோள் படங்கள் வந்தன. அவற்றோடு, பழைய புயல்களை ஒவ்வொன்றாக எடுத்து, அது எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்று ஆராய்ந்தவர்களும் இருந்தார்கள். பால் கோசின், லூயி உச்செலினி என்ற இருவர் அவர்களில் முக்கியமானவர்கள். வடகிழக்குக் கரையின் பனிப்புயல்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர்கள். உச்செலினி பிற்காலத்தில் அமெரிக்க வானிலை இலாகாவுக்கே தலைவர் ஆனார்.

புயல்களைத் தரம் பிரிக்க அவர்கள் ஓர் அளவு முறையும் வகுத்தார்கள். அதில் பனியின் ஆழம் மட்டும் கணக்கு அல்ல. எவ்வளவு இடத்தில் விழுந்தது, அந்த இடத்தில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதும் கணக்கு. ஆள் இல்லாத மலையில் 40 அங்குலம் விழுவதும், ஆள் நெருங்கிய நகரத்தில் 20 அங்குலம் விழுவதும் ஒன்றல்ல என்பது அதன் பொருள். கோலும் மனிதனும் ஒரே தராசில் ஏறினார்கள்!

அவர்கள் ஆராய்வதற்குப் பழைய கணக்கு எங்கிருந்து கிடைத்தது? ஹென்ட்ரிக்சன் போன்றவர்களின் நோட்டுப் புத்தகங்களில் இருந்துதான். சம்பளம் வாங்காத விவசாயிகளும் உபாத்தியாயர்களும் குளிரில் நடுங்கிக்கொண்டு எழுதிய எண்கள் அவை.

குழந்தைகளுக்கும் ஆகும்

2015-ம் ஆண்டு குளிர்காலத்தில் பாஸ்டன் நகரத்தில் மொத்தம் 110.6 அங்குலம் பனி விழுந்தது. 9 அடிக்கு மேல்! தெருவில் வாரிய பனியை ஓர் இடத்தில் மலையாகக் குவித்தார்கள். அது எந்த நாளில் கரையும் என்று ஊரில் போட்டியே நடந்தது. ஏப்ரல் போயிற்று, மே போயிற்று, ஜூன் போயிற்று. ஜூலை 14-ந் தேதிதான் கடைசித் துண்டு கரைந்தது!

இந்த வேடிக்கையைப் பார்த்த குழந்தைகளில் சிலராவது அடுத்த குளிர்காலத்தில் கோலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடியிருப்பார்கள். அப்படித்தான் இந்த ஆசை தொற்றும். இதற்குப் பணம் வேண்டாம், பட்டம் வேண்டாம். ஒரு பலகை, ஒரு கோல், ஒரு பென்சில் போதும். பொறுமையும் நேர்மையும் மட்டும் வேண்டும்.

இன்று பனி வருவதை விண்கோள் பார்க்கிறது. யந்திரம் கணக்குப் போடுகிறது. ஆனால், இந்தத் தெருவில், இந்த வாசலில் எவ்வளவு விழுந்தது என்பதைக் குனிந்து பார்த்துச் சொல்ல இன்றும் ஒரு மனிதன் வேண்டியிருக்கிறது. அவன் இரண்டு தப்புகளைச் செய்யக் கூடாது. பெருமைக்காகக் கணக்கைக் கூட்டக் கூடாது. எண்ணைப் பார்த்து மனிதரை மறக்கக் கூடாது. இந்த இரண்டும் இல்லாதவனை ஊர் கேலி செய்யக் கூடாது, கும்பிட வேண்டும்.

வாஷிங்டன் தமது கடைசிக் குறிப்பை எழுதியபோது யாருக்காக எழுதினார்? அந்த 3 அங்குலத்தால் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. மறுநாள் அவர் இல்லை. ஆனால், அந்த எண் இருக்கிறது. 200 ஆண்டுகளுக்குப் பிறகும், அன்று காலை வர்ஜீனியாவில் எவ்வளவு பனி கிடந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஏடு இருக்கிறது.

பனி கரைந்துவிடும். எழுதி வைத்தது கரையாது!